கார் ஷெட்டில் காத்திருக்கும் கறுப்பு ஆயில்

வண்டிக்கு நானே ஆயில் மாற்றுகிறேன் என்று சொன்னால், எந்த ஆயில் ஊற்றுகிறாய், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறாய் என்றுதான் கேட்கிறார்கள். வடித்த ஆயில் எங்கே போயிற்று என்று கேட்பவர் அரிது. எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகப் படுகிறது. பழையதை வடித்துப் புதியதை ஊற்றுவது ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும் வேலை. பழைய ஆயிலோ கேன் நிறைந்து மறுசுத்திகரிப்புக்குப் போகும்வரை மாதக்கணக்கில் என் கார் ஷெட்டில்தான் இருக்கும். அந்த மாதங்களில் அதை எப்படி வைத்திருக்கிறோம் என்பதில்தான், அது மறுபடியும் ஆயிலாகுமா, யாரும் தொட விரும்பாத நச்சுக் கழிவாகுமா என்பது முடிவாகிறது.

இதில் எனக்கு ஆசான் என் அத்தான். பழைய ஆயில் சேகரிக்கும் கிடங்கு ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். வருகிற கேனின் மூடியைத் திறந்து, குச்சி ஒன்றை அடிவரை விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தண்ணீர் சேர்ந்திருக்கிறதா, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் கலந்திருக்கிறதா, பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று அங்கேயே சொல்லிவிடுவார். அவர் அடிக்கடி சொல்வது இது: “ஆயில் தேய்ந்து தீர்ந்துபோவதில்லை மாப்பிள்ளை, அழுக்குதான் ஆகிறது. இன்ஜின் சேர்த்த அழுக்கை எடுக்க ஆலை இருக்கிறது. வீட்டில் நாம் கலந்துவிட்டதை எடுக்கத்தான் பெரும்பாடு.”

அவர் சொல்வது அப்படியே உண்மை. இன்ஜினுக்குள் ஓடிய ஆயிலில் புகைக்கரி சேர்கிறது. தேய்ந்த உலோகத் துகள், எரியாத எரிபொருள், எரிதலில் உண்டாகும் நீர், அமிலங்கள் எல்லாம் சேர்கின்றன. கூடவே, தேய்மானத்தைத் தடுக்கவென்று ஆயிலில் முன்பே சேர்த்திருந்த துத்தநாகமும் பாஸ்பரசும் இருக்கின்றன. மறுசுத்திகரிப்பு ஆலையில் முதலில் நீரையும் லேசான எரிபொருளையும் சூடாக்கி விரட்டுகிறார்கள். பிறகு வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, கனத்த கசடைப் பிரிக்கிறார்கள். கடைசியில் ஹைட்ரஜன் செலுத்தி, எஞ்சியிருக்கும் கந்தகம் முதலியவற்றை நீக்குகிறார்கள். வெளியே வருவது மீண்டும் இன்ஜினில் ஊற்றத் தகுந்த அடிப்படை எண்ணெய். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தரும் கணக்குப்படி, ஏறத்தாழ 2.4 லிட்டர் மசகு எண்ணெய் கிடைக்க 3.8 லிட்டர் பழைய ஆயில் போதும். அதே அளவைக் கச்சா எண்ணெயிலிருந்து எடுக்க ஏறத்தாழ 159 லிட்டர், அதாவது ஒரு முழு பீப்பாய் வேண்டும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, ஷெட்டில் நிற்கும் கேனைக் குப்பை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

இதே பொருள் மண்ணில் சிந்தினால் கதை வேறு. ஒருமுறை வடித்த ஆயில் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுத்துவிடக்கூடும் என்று அதே முகமை எச்சரிக்கிறது. ஒரு காலன் என்பது 3.8 லிட்டர். வேலியோரம் கறையான் வராமலிருக்க ஊற்றுவது, புழுதி அடங்கத் தெளிப்பது, குழி தோண்டிக் கொட்டுவது, சாக்கடையில் விடுவது என்று பழக்கத்தில் இருக்கும் எதையும் நான் ஏற்பதில்லை. “கொஞ்சம்தானே” என்பவர்களோடு வாதிடவும் தயங்குவதில்லை.

புழுதி அடங்கத் தெளிப்பது என்றதும் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இருந்த டைம்ஸ் பீச் என்ற சிற்றூர் நினைவுக்கு வருகிறது. 1970களில் அங்கே மண்சாலைகளின் புழுதியை அடக்க ஒப்பந்தக்காரர் ஒருவர் பழைய ஆயிலைத் தெளித்தார். அந்த ஆயிலில் ஒரு ரசாயன ஆலையின் கழிவு கலந்திருந்தது. அந்தக் கழிவில் டையாக்சின் என்ற கொடிய நச்சு இருந்தது. அதே ஒப்பந்தக்காரர் ஆயில் தெளித்த குதிரைக் கொட்டடிகளில் குதிரைகள் செத்து விழுந்தன. 1982இல் ஊரின் மண்ணைச் சோதித்து நச்சைக் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டு அரசே ஊரை விலைக்கு வாங்கி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை வெளியேற்றியது. இன்று அந்த ஊர் இல்லை. அங்கே நடந்தது ஆலைக் கழிவின் விவகாரம், ஒரு வீட்டு ஷெட்டில் அந்த அளவுக்குப் போகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கறுப்பு ஆயிலுக்கு எதையும் தன்னுள் மறைத்துக்கொள்ளும் குணம் உண்டு. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று மேலே பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது.

ஆகவே என் ஷெட்டில் மாறாத ஒரே சட்டம்: ஆயில் கேனில் ஆயில் மட்டும். கூலன்டுக்குத் தனிக் கேன், பிரேக் ஆயிலுக்குத் தனிப் பாட்டில். பிரேக் ஆயில் என்று வழக்கில் சொன்னாலும் பெரும்பாலான வண்டிகளில் இருப்பது பெட்ரோலிய எண்ணெய் அன்று, கிளைக்கால் வகையைச் சேர்ந்த திரவம். அதை இன்ஜின் ஆயிலோடு சேர்க்கவே கூடாது. பெயின்ட் கலக்கும் தின்னர், பாகங்களைக் கழுவிய பெட்ரோல், ஸ்ப்ரே டப்பாவில் வரும் பிரேக் கிளீனர் எதுவும் அந்தக் கேன் பக்கம் போகாது. இவற்றில் குளோரின் சேர்ந்த கரைப்பான்கள்தான் மிக மோசம். அமெரிக்க விதிகளில் பழைய ஆயிலில் குளோரின் போன்ற ஹாலஜன்கள் பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கைத் தாண்டினாலே, அபாயக் கழிவு கலந்துவிட்டது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை என்று நிரூபிப்பது ஆயிலை வைத்திருப்பவர் பொறுப்பு. பத்து லட்சத்தில் ஆயிரம் என்றால் 20 லிட்டர் கேனில் 20 மில்லி அளவுதான். ஒருவர் கொண்டுவந்த கெட்ட கேனைக் கவனிக்காமல் பெரிய தொட்டியில் ஊற்றிவிட்டால், அன்று வந்த அத்தனை பேரின் ஆயிலும் கெட்டதாகிவிடும் என்பார் அத்தான். அந்தக் குச்சிச் சோதனையில் அவர் காட்டிய கண்டிப்புக்கு அதுதான் காரணம்.

பெட்ரோல் கலப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. புதிய இன்ஜின் ஆயிலின் ஆவி தீப்பற்ற அதை 200 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாக்க வேண்டும். பெட்ரோலுக்கு உறைபனிக் குளிரே போதும், அதன் தீப்பற்றுநிலை பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியை ஒட்டியது. கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலும் கேனில் இருப்பதன் குணம் மாறிவிடுகிறது. சாதாரணமாக எளிதில் தீப்பிடிக்காத ஒன்றை நாமே ஆபத்தானதாக மாற்றியதாகிவிடும்.

எதில் ஊற்றி வைப்பது என்பதற்கு என் விடை எளியது. புதிய ஆயில் வந்த கேனே பழைய ஆயிலுக்கு மிகப் பொருத்தமானது. கனமான பாலிஎத்திலீன், இறுக மூடும் திருகு மூடி, ஆயிலைத் தாங்குவதற்கென்றே செய்தது. ஊற்றியது தீர்ந்ததும் காலிக் கேனை எறிந்துவிட்டு வேறு பாத்திரம் தேடுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். பிளீச்சிங் திரவமோ பூச்சிமருந்தோ இருந்த கேன் வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் மிச்சம் இருக்கும். தண்ணீர், குளிர்பான பாட்டில்கள் வேண்டவே வேண்டாம். இதை மட்டும் நான் கெஞ்சியே கேட்டுக்கொள்வேன். குடிக்கும் பாட்டிலில் எது இருந்தாலும் குழந்தை அதைக் குடிக்கும் பொருள் என்றுதான் எண்ணும். ஆயில் வயிற்றுக்குள் போவதைவிட, வாந்தியோடு மூச்சுக்குழல் வழியாக நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. அதனால் யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். கூலன்ட் இன்னும் பொல்லாதது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் குழந்தையும் அந்த இனிப்புக்கு நாக்கை நீட்டிவிடும், கொஞ்சம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. என் ஷெட்டில் அந்தக் கேன் பூட்டிய அலமாரிக்குள் இருக்கிறது.

ஆயில் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் நன்றாக இறங்கும், கசடும் கூடவே வரும். ஆனால் சூட்டோடு பிளாஸ்டிக் கேனில் ஊற்றுவதில்லை. வடித்த தட்டை மூடி வைத்துவிட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறிய பிறகே புனல் வைத்து ஊற்றுகிறேன். திறந்த தட்டை இரவு முழுவதும் விட்டுவிடுவதும் கூடாது. தூசி விழும், பூச்சி விழும், காலால் இடறவும் கூடும். ஊற்றும்போது நிறத்தைக் கவனிப்பது என் வழக்கம். பாலில் டிகாக்ஷன் கலந்ததுபோல் பழுப்பாகக் கலங்கியிருந்தால் நீரோ கூலன்டோ உள்ளே புகுந்திருக்கிறது. இன்ஜினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அப்போது கேனை மறந்து இன்ஜினைக் கவனிக்க வேண்டும். அந்த ஆயிலையும் நல்ல ஆயிலோடு சேர்க்காமல் தனியே வைத்து, கொடுக்கும்போது சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கேனைக் கழுத்துவரை நிரப்புவதில்லை. வெப்பத்தில் ஆயில் பெருக்கும். 20 லிட்டர் ஆயிலின் வெப்பம் 25 டிகிரி ஏறினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு லிட்டர் அளவு கூடிவிடுகிறது. இடமில்லாவிட்டால் அது மூடி வழியே கசியும். நான் நாலு விரல் இடைவெளி விடுகிறேன்.

தண்ணீர்தான் ஓசையில்லாமல் வரும் எதிரி. பகலில் சூடேறி இரவில் குளிரும்போது, கேனுக்குள் இருக்கும் காற்று விரிந்து சுருங்குகிறது. மூடி தளர்ந்திருந்தால் ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், அது சுவரில் நீராகப் படிந்து அடியில் போய்த் தங்கும். ஆயில் நீரைவிட லேசானது என்பதால் மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தகர டின்னாக இருந்தால் அடிப்பக்கம் உள்ளிருந்தே துருப்பிடித்து, எதிர்பாராத நாளில் ஒழுகும். டின்னை மழையில் நிற்க விடுவது இதைவிட மோசம். மேல்தட்டில் தேங்கும் நீரையே மூடியின் இடுக்கு வழியாக அது உறிஞ்சிவிடும். கூரைக்குக் கீழே, வெயில் நேராகப் படாத மூலையில், மூடியை இறுக்கி வைப்பதற்கு இவ்வளவு காரணம் இருக்கிறது.

அந்த மூலையையும் யோசித்தே தேர்ந்தெடுத்தேன். வாட்டர் ஹீட்டர், பேட்டரி சார்ஜர், வெல்டிங் வேலை நடக்கும் இடம் மூன்றுக்கும் எட்டத்தில் இருக்க வேண்டும். ரிவர்ஸ் எடுக்கும்போது டயர் போகாத இடமாகவும், தரைச் சாக்கடை ஓட்டை அருகில் இல்லாத இடமாகவும் இருக்க வேண்டும். கேன் நேராகத் தரையில் நிற்பதில்லை. பக்கம் உயர்ந்த பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் நிற்கிறது. கேன் உடைந்தாலும் முழுவதையும் தாங்கும் கொள்ளளவு அதற்கு உண்டு. கான்கிரீட் பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் நுண்துளைகள் நிறைந்தது. ஆயிலைக் குடித்துவிட்டால் திரும்பக் கொடுக்காது. அதனால் பக்கத்தில் ஒரு வாளி மணலும் வைத்திருக்கிறேன். சிந்தினால் நீர் ஊற்றிக் கழுவாமல் மணலைத் தூவி, ஊற விட்டு, கூட்டி அள்ளி, அதையும் தனிப் பையில் கட்டிச் சேர்த்தே ஒப்படைக்கிறேன்.

கேனின் மேல் ‘பழைய இன்ஜின் ஆயில்’ என்று அழியாத மையில் பெரிதாக எழுதி, ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் தேதியையும் எந்த வண்டி என்பதையும் கீழே குறிக்கிறேன். நான் ஊரில் இல்லாதபோது வீட்டில் வேறு யாராவது ஷெட்டைத் திறந்தாலும் இது என்னவென்று தெரிய வேண்டும்.

ஃபில்ட்டரை மறந்துவிடுகிறார்கள். கழற்றிய ஃபில்ட்டருக்குள் கணிசமான ஆயில் தங்கியிருக்கும். ஆயில் திரும்பி வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு உள்ளே இருப்பதால், கவிழ்த்து வைத்தால் மட்டும் முழுதும் வராது. தலைப்பக்கம் ஒரு துளை போட்டு, இளஞ்சூடாக இருக்கும்போதே வடிதட்டின் மேல் கவிழ்த்து, குறைந்தது 12 மணி நேரம் விட வேண்டும். பிறகு அது வெறும் இரும்பு. உருக்கி மறுபடி பயன்படுத்தலாம்.

துடைத்த துணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. தானாகவே தீப்பற்றும் என்று சொல்லப்படுவது ஆளி விதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய்கள் தோய்ந்த துணிகளைத்தான். இன்ஜின் ஆயில் அவ்வளவு எளிதில் அப்படிச் சூடேறாது. ஆனாலும் ஆயில் துணி திரி மாதிரி எரியும் என்பதால், மூடி உள்ள தகர டப்பாவில்தான் போடுகிறேன். கையுறை இல்லாமல் வேலை செய்வதும் இல்லை. பழைய ஆயிலின் கரியில் இருக்கும் சில ஹைட்ரோகார்பன்கள் புற்றுநோயை உண்டாக்குபவை. தொடர்ந்து தோலில் பூசிய சோதனை எலிகளுக்குத் தோல் புற்று வந்திருக்கிறது. நகக்கண்ணில் கறுப்பு ஏறிய கையோடு வேலை பார்ப்பதைத் தொழில் தெரிந்ததற்கு அடையாளமாகக் கொள்ளும் இளைஞர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கேன் நிறைந்ததும் தள்ளிப்போடாமல் ஒப்படைத்துவிடுகிறேன். வண்டியில் நிமிர்த்தி வைத்து, சாயாமல் கட்டி எடுத்துப்போவேன். கொட்டிய பிறகு காலிக் கேனை நீரோ சோப்போ விட்டு அலசக் கூடாது. அந்த நீர் போகிற இடத்துக்கெல்லாம் ஆயிலும் போகும், கேனில் தங்கும் ஈரம் அடுத்த ஆயிலில் சேரும். சேகரிப்புத் தொட்டியின் மேலேயே சற்று நேரம் கவிழ்த்துப் பிடித்துக் கடைசிச் சொட்டுவரை வடியவிட்டு, மூடியை இறுக்கி, அதே கேனை மறுபடியும் என் ஷெட்டின் பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்துவிடுகிறேன்.