412 நாட்கள்

முன்பு நான் வேலை பார்த்த அலுவலகத்தில் கணக்குப் பிரிவின் சர்வர் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 'அப்டைம்' என்று தட்டினால், ரீபூட் இல்லாமல் ஓடியது 412 நாட்கள் என்று காட்டும். வருகிறவர்களிடம் அந்த எண்ணைக் காட்டிப் பெருமைப்பட்டதும் உண்டு.

அப்டேட்களைக் கையால்தான் போடுவேன். தானியங்கியிடம் விட மனம் வராது. மாதம் ஒரு சனிக்கிழமை என்பது கணக்கு. நடைமுறையில் மூன்று மாதத்துக்கு ஒன்று வாய்த்தால் அதிகம்.

ரீபூட் மட்டும் செய்யவே மாட்டேன். ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் ரீஸ்டார்ட் தேவை என்ற வரி கண்ணில் படும். வாசல்படியைத் தாண்டுவதுபோலத் தாண்டிவிடுவேன். இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் புதிதாக வட்டில் இருந்தாலும் ரீபூட் ஆகும்வரை ஓடுவது பழையதுதான் என்று தெரியாதவன் அல்ல. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, அது இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டவர்களுக்கு ஓட்டை அப்படியேதான் இருந்தது. அதைப் பிறருக்கு விளக்கியவனும் நானே.

ஒரு மாதக் கடைசியில் மின்சாரம் போனது. யுபிஎஸ் பேட்டரி கைவிட்டது. மின்சாரம் வந்ததும் சர்வர் எழுந்துகொண்டது. கணக்கு மென்பொருள் எழவில்லை. 412 நாட்களுக்கு முன் அதை டெர்மினலில் கையால் கிளப்பிவிட்டு, தானாகத் தொடங்கும்படி பதிவுசெய்ய மறந்திருக்கிறேன். எந்தக் கட்டளையில் கிளப்பினேன் என்பதும் நினைவில்லை. கணக்காளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "தம்பி, இன்று முப்பதாம் தேதி" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. கட்டளையைத் தேடிப் பிடிக்க இரண்டரை மணி நேரம் ஆனது.

அதன்பிறகு பாதுகாப்பு அப்டேட்களைத் தானியங்கியிடமே விட்டுவிட்டேன். உபுண்டுவின் தானியங்கி அப்டேட் கருவியான 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' நாமாகச் சொன்னால் ஒழிய ரீபூட் செய்யாது. அதை அப்படியே வைத்துக்கொண்டேன். இரண்டாம் சனிக்கிழமை காலையில் நானே பக்கத்தில் உட்கார்ந்து ரீபூட் செய்வேன். தானியங்கியும் கவிழ்க்கும் என்பதை மறுக்கவில்லை. 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் தானியங்கி அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. ஆனாலும் என்னுடைய மூன்று மாதச் சோம்பலைவிட அது எனக்குத் தேவலை.

அப்படிச் செய்த முதல் ரீபூட்டிலேயே ஒன்று அகப்பட்டது. பேக்கப் வட்டு மவுண்ட் ஆகவில்லை, அதாவது சர்வரோடு இணையவில்லை. எந்தெந்த வட்டுகளைத் தொடக்கத்தில் இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அதற்கான வரியே இல்லை. மின்சாரம் போன அன்றிலிருந்து பேக்கப் எல்லாம் அதே சர்வரின் வட்டிலேயே விழுந்துகொண்டிருந்தது.