அம்மா நடந்துட்டாங்க

இரைப்பையில் கட்டின்னு சொன்னதும், அம்மா வயிற்றை நீளமாக் கிழிப்பாங்களோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை. லேப்ராஸ்கோப்பியில் முடிச்சுட்டாங்க. ஐந்தே சின்னத் துளைகள். கார்பன் டை ஆக்சைடு செலுத்தி வயிற்றை உப்ப வெச்சு, கேமராவில் பார்த்துக்கிட்டே கட்டியை வெட்டி, உள்ளேயே ஒரு பையில் போட்டு வெளியே எடுத்தாங்க. செல்கள் சிதறிடக் கூடாதே, அதுக்குத்தான் பை.

மறுநாள் அம்மா, "தோள்பட்டை வலிக்குதுடா"ன்னாங்க. பதறிட்டேன். மிச்சமிருக்கிற வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானத் தசையை உறுத்தினா வலி தோளில் தெரியுமாம்.

ஜப்பானில் டாக்டர் கிடானோ 1991-லேயே இரைப்பைப் புற்றுநோய்க்கு இப்படி அறுவை செஞ்சிருக்கார். எல்லாக் கட்டிக்கும் ஒத்துவராது. அளவு, இடம், பரவல் பார்த்துத்தான் முடிவெடுப்பாங்க. உங்க வீட்டில் யாருக்காவதுன்னா, டாக்டர்கிட்ட தயங்காமக் கேளுங்க.

இன்னைக்கு என் கையைப் பிடிக்காமலே வராந்தாவில் நாலு தடவை நடந்தாங்க.