பாரிஸ் ஜூடோ: ரைனர் தோத்த வாரமும் அதுக்கப்புறமும்

பிப்ரவரி 8, 2020, சனி

பாரிஸ் கிராண்ட் ஸ்லாம் ஆரம்பிச்சாச்சு. 1971லேர்ந்து நடக்குற போட்டி, பெர்சி அரங்கம் காலையிலேயே அதிருது. சொந்த ஊருங்கிறதால பிரான்ஸ் ஒவ்வொரு வெயிட்லயும் நாலு பேர இறக்கலாம், மத்த நாட்டுக்கு ரெண்டு பேர்தான், அதனால கத்துறதுக்கு கூட்டத்துக்கு எப்பவும் ஒரு ஆளு இருக்கு. இன்னைக்கு சின்ன வெயிட்டு. நாளைக்கு 100 கிலோவுக்கு மேல, பிரான்ஸோட டெடி ரைனர் வர்றாரு!

பிப்ரவரி 9, ஞாயிறு

ரைனர் தோத்துட்டாரு. இன்னும் கை நடுங்குது.

2010 செப்டம்பர்ல டோக்கியோல ஜப்பான் வீரர் கமிகாவா கிட்ட தோத்ததுக்கப்புறம் வரிசையா 154 ஜெயிப்பு, நடுவுல ரெண்டு ஒலிம்பிக் தங்கம். அதெல்லாம் மூணாவது ரவுண்ட்ல நின்னு போச்சு. எதிர்ல கோகோரோ ககெவுரா, ஜப்பான், வயசு 24. ரைனர் 2.04 மீட்டர், மேலேர்ந்து கைய போட்டு முதுகுப்பக்கம் கிரிப் புடிச்சார்னா பாதி பேரு அங்கயே குனிஞ்சுடுவாங்க, இவன் குனியல, நிமிர்ந்தே நின்னான். நாலு நிமிஷம் முடிஞ்சு கோல்டன் ஸ்கோர் (முதல்ல பாயிண்ட் எடுக்குறவர் ஜெயிக்கிற கூடுதல் நேரம்) போச்சு, ரைனர் தூக்கிப் போட உள்ள வந்தாரு, அந்த வேகத்தையே திருப்பி விட்டுட்டான் பையன், வாசாரி (முழு வீச்சுக்கு ஒரு படி கீழ உள்ள பாயிண்ட்), அவ்ளோதான். எத்தனை தடவ ரீப்ளே பாத்தாலும் அந்த ஒரு நொடில அவன் இடுப்பு நகர்றதுதான் கண்ணுல நிக்குது.

பிப்ரவரி 10, திங்கள்

எல்லாரும் ரைனர் பத்தியே பேசுறாங்க, தங்கம் யாருக்குன்னு கேட்டா பாதி பேருக்கு தெரியல. ஹெங்க் க்ரோல்! நெதர்லாந்து, வயசு 34, 100 கிலோ பிரிவுல பல வருஷம் ஆடி உலகப் போட்டில வெள்ளி வெள்ளியா வாங்கிட்டு மேல் வெயிட்டுக்கு வந்த மனுஷன். ஃபைனல்ல ககெவுராவையே ஜெயிச்சாரு. எனக்கு அது ரொம்ப சந்தோஷம், அவருக்கு இது எப்பவோ கெடைச்சிருக்கணும்.

பிப்ரவரி 27, வியாழன்

ஜப்பான் ஒலிம்பிக் டீம் அறிவிச்சாச்சு. ஹெவிவெயிட்ல ஹராசாவா. ரைனர சாய்ச்சவனுக்கு எடம் இல்ல. ஒரு வெயிட்டுக்கு ஒரு நாட்டுக்கு ஒரே ஆளுதான், ஹராசாவா 2016 ரியோ ஒலிம்பிக்ல வெள்ளி வாங்கினவரு, பல வருஷ ரிசல்ட் வச்சிருக்காரு, நியாயம் புரியுது, ஆனா மனசு கேக்கல.

ஜூன் 12, 2021, சனி

புடாபெஸ்ட்ல ககெவுரா உலக சாம்பியன்! ஃபைனல்ல ரஷ்யாவோட பஷாயெவ். கொரோனாவால ஒரு வருஷம் தள்ளிப்போன ஒலிம்பிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு, இவன் அங்க இல்லங்கிறத நெனச்சாதான் இப்பவும் வயிறு எரியுது.