இட்லி தெரியாத தட்டு

மும்பை மாட்டுங்காவில் குடியேறி நாற்பது ஆண்டுகள் கடந்தும், தமிழ் நாளிதழைக் கடைசிப் பக்கம் வரை படித்து முடிக்காமல் குளிக்கப் போகாத அப்பா, சென்ற ஆண்டு அதைப் பிரிக்காமலேயே ஓரமாக வைக்கத் தொடங்கினார். பார்க்கின்சன் எனும் நடுக்குவாத நோய் என்று தெரிந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மனம் விட்டுப்போய்விட்டது என்றார் அம்மா. கண்புரை அறுவையில்தான் ஏதோ கோளாறு என்றேன் நான். நான் சொன்னது தவறு, அம்மா சொன்னது பாதி சரி.

கண் மருத்துவர் பலகையின் கடைசி வரி வரை படிக்கவைத்து, பார்வையில் குறையில்லை என்று அனுப்பிவிட்டார். வெள்ளையில் கறுப்பு எழுத்தைப் படிப்பது வேறு, வெளிறியதன் மேல் வெளிறியதைப் பிரித்தறிவது வேறு. இந்நோயில் மூளையில் குறையும் டோபமின் என்ற வேதிப்பொருள் விழித்திரையிலும் வேலை செய்கிறது. அங்கும் அது குறைவதால் நிற வேறுபாடும் ஒளி வேறுபாடும் மங்குகின்றன. வெள்ளைப் பீங்கான் தட்டில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வைத்தால் அப்பாவின் விரல்கள் தட்டின் வெறும் பக்கத்தைத் தடவிக்கொண்டிருக்கும். பச்சைத் தட்டுக்கு மாற்றிய அன்று நான்கு இட்லி சாப்பிட்டார். (வாழையிலையை விட்டது நம் தவறுதான்.)

நாளிதழின் கதை வேறு. அருகிலுள்ள எழுத்தை நோக்கி இரு கண்களும் சேர்ந்து உட்புறமாகத் திரும்பாததால் ஒரு வரி இரண்டாகத் தெரிந்திருக்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டால் சரியாகிவிடும் என்பதை அவரே கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். நரம்பியல் மருத்துவர் கேட்ட பிறகுதான் அது வெளியே வந்தது. வாசிப்புக்கென்று, ஒளியை வளைத்து இரண்டாகத் தெரிவதை ஒன்றாக்கும் பட்டகம் வைத்த தனிக் கண்ணாடி கிடைத்தது.

அம்மா சொன்ன பாதி இதுதான்: இந்நோயில் மனச்சோர்வும் பதற்றமும் நோய் வந்த வருத்தத்தால் மட்டும் வருபவை அல்ல, மூளையின் வேதி மாற்றங்களால் நோயின் பகுதியாகவே வருபவை, சிலருக்கு நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடும். தைரியமாக இருங்கள் என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னது எனக்கு எரிச்சலாகவே இருந்தது. டோபமின் குறையை ஈடுகட்டும் லெவோடோபா மாத்திரையின் வேகம் தணிந்து, அடுத்ததற்கு முந்தைய அரைமணி நேரத்தில் அப்பாவுக்குப் பார்வை மங்குவதும் நெஞ்சு படபடப்பதும் சேர்ந்தே வரும். அந்த நேரத்தில் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில், ஒரு படி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் கைப்பிடியைப் பற்றியபடி நின்றுவிட்டவர், பிறகு வெளியே போவதையே நிறுத்திவிட்டார். முகத்தசைகள் இறுகியிருந்ததால் உறவினர்கள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஓர் இரவு என்னைக் கூப்பிட்டு, "கதவோரம் யாரோ நிக்கற மாதிரி இருக்குடா, யாரும் இல்லைன்னு எனக்கே தெரியும்" என்றார். பைத்தியம் என்று நினைத்துவிடுவோமோ என்று மூன்று மாதம் மறைத்திருந்தாராம். மங்கலான வெளிச்சத்தில் பொருள்கள் ஆள்போலத் தோன்றுவது இந்நோயில் பலருக்கு நேர்வதுதான் என்று சொல்லி, மருத்துவர் மாத்திரைகளைச் சற்றே மாற்றியமைத்தார். நாங்கள் கதவுக் கொக்கியில் தொங்கிய சட்டையை அலமாரிக்குள் வைத்துவிட்டு, இரவு விளக்கையும் மாற்றினோம்.

இப்போதும் அப்பா இரண்டு பக்கத்துக்கு மேல் படிப்பதில்லை. மீதியை அம்மா வாசிக்கிறார். ழகரம் தவறும்போதெல்லாம் அப்பா நிறுத்தித் திருத்துகிறார்.