பீர் போட்ட கதை, அல்லது வாளி கழுவிய கதை

வீட்டிலேயே பீர் போடப் போகிறேன் என்றதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, “கண்ணு கிண்ணு போயிடாதே?” நியாயமான பயம்தான். ஆனால் கண்ணைப் பறிப்பது மெத்தனால். பார்லி மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, நொதிக்கும்போது அது மிகச் சொற்பமாகவே உண்டாகும். விஷச்சாராயச் சாவுகளுக்குப் பெரும்பாலும் காரணம், யாரோ மெத்தனாலைக் கலந்து விற்பதுதான். பீரில் காய்ச்சி வடிக்கும் வேலையே கிடையாது. போதாததற்கு ஆல்கஹால், ஹாப்ஸ் என்னும் பூவின் கசப்பு, புளிப்பு மூன்றும் சேர்ந்துவிடுவதால் நோய்க்கிருமிகள் அதில் பிழைப்பது கடினம். கெட்டுப்போனால் வாயில் வைக்க முடியாது, அவ்வளவுதான். இதையெல்லாம் விளக்கிய பிறகே சமையலறை என் வசம் வந்தது. (எல்லா இடத்திலும் சட்டம் இதற்கு இடம் கொடுப்பதில்லை. அதை முதலில் விசாரித்துவிடுங்கள்.)

தானியத்தை ஊறவைத்துச் சர்க்கரை எடுக்கும் வேலையை முதல் தடவையே தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று, அந்தச் சர்க்கரையை முன்பே எடுத்து உலர்த்தி விற்கும் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் தூளில் தொடங்கினேன். 20 லிட்டர் பீருக்குச் சுமார் 2.6 கிலோ தூள், 50 கிராம் ஹாப்ஸ், ஏல் என்னும் பீர் வகைக்கான ஈஸ்ட் ஒரு பாக்கெட். தூளைக் கொட்டும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடியில் பிடித்துக் கருகும். ஆவி பட்டாலே தூள் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்வதால் கரண்டியோடு ஒரு சண்டை போட வேண்டியிருந்தது.

12 லிட்டர் தண்ணீரில் தூள் கரைந்ததும் கிடைப்பது வோர்ட் என்னும் இனிப்பான நீர். அது கொதி வரும்போது, பால் பொங்குவதுபோல நுரை ஒரே மூச்சில் விளிம்புக்கு ஏறும். தீயைக் குறைத்து, கிண்டி, பக்கத்தில் நின்றே ஆக வேண்டும். புரதம் திரிந்து கீழே இறங்கியதும் நுரை அடங்கிவிடுகிறது. அப்போது 30 கிராம் ஹாப்ஸைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டேன். ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் நீண்ட கொதியில் உருமாறினால்தான் கசப்பு இறங்கும். ஆனால் அதே கொதியில் வாசனை ஆவியாகிப் போய்விடும். அதனால்தான் மிச்சம் 20 கிராமைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு என்று ஒதுக்கி வைத்தேன். வீடு முழுக்க ஏறிய வாசனை எனக்குப் பிடித்தது. வீட்டில் மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை.

அடுப்பை அணைத்த நிமிடத்திலிருந்து ஆட்டமே வேறு. கொதித்துக்கொண்டிருக்கும்வரை எதுவும் வோர்ட்டைக் கெடுக்காது. ஆறத் தொடங்கியதும் எல்லாமே கெடுக்கும். இளஞ்சூடான சர்க்கரை நீரைப் பாக்டீரியாவும் காட்டு ஈஸ்ட்டும் சும்மா விடுமா? வாளி, மூடி, குழாய், கரண்டி, தெர்மாமீட்டர், ஏன், ஈஸ்ட் பாக்கெட்டை வெட்டும் கத்தரிக்கோல்கூட சானிடைசரில் முக்கித்தான் வெளியே வந்தது. அதற்கு முன்னால் அவற்றைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும், அழுக்கின் மேல் சானிடைசர் ஊற்றிப் பயனில்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்குப் பாதி நேரம் பாத்திரம் கழுவுவதிலேயே போனது. பீர் போடுவதில் ஆசை இருப்பவர்கள் தங்களுக்குக் கழுவுவதில் பொறுமை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் இறக்கிக் குளிரவைத்து, ஏற்கெனவே கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைச் சேர்த்து 20 லிட்டருக்குக் கொண்டுவந்தேன். தண்ணீரைவிட எவ்வளவு அடர்த்தி என்று காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்தால் 1.048 (வெறும் தண்ணீர் 1.000, சர்க்கரை கூடக்கூட எண் ஏறும்). சூடாக இருக்கும்போது அளந்தால் குறைத்துக் காட்டும் என்பதால் ஆறும்வரை காத்திருந்தேன். நன்றாகக் குலுக்கிக் காற்றேற்றி, ஈஸ்ட்டைத் தூவி, மூடி, உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றை உள்ளே விடாத ஏர்லாக்கைச் செருகியாயிற்று.

மறுநாள் ஏர்லாக் ‘பளக் பளக்’ என்று பேசத் தொடங்கியது. இந்தக் கட்டத்தில்தான் வெப்பநிலையைக் கவனிக்க வேண்டும். ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி சரி. ஆனால் நொதிக்கும்போது ஈஸ்ட் தானே சூட்டை உண்டாக்கும், அறையைவிட வாளி சில டிகிரி கூடுதலாக இருக்கும். சூடு மிஞ்சினால் ஈஸ்ட் வேகமாகத்தான் வேலை செய்யும், கூடவே தின்னர் மாதிரி ஒரு நெடியையும் கொண்டுவரும். வாளியை ஒரு பெரிய தொட்டித் தண்ணீரில் நிறுத்தி, ஈரத்துணி சுற்றி, உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களைக் காலையிலும் இரவிலும் மாற்றி மாற்றிப் போட்டேன். முதல் மூன்று நான்கு நாட்கள் இப்படிக் காவல் காத்தால் போதும், சுவை பெரும்பாலும் அதற்குள் தீர்மானமாகிவிடுகிறது.

அப்புறம் ஒரு நாள் சத்தம் நின்றுபோனது. முடிந்துவிட்டது, பாட்டிலில் அடைக்கலாம் என்று கை பரபரக்கும். ஏர்லாக்கை நம்பவே கூடாது. மூடி சரியாக இறுகாவிட்டாலும் குமிழி வராது. முடிந்த பிறகும் வெயில் ஏறினால் வாயு வெளியேறிக் குமிழி வரும். நம்ப வேண்டியது ஹைட்ரோமீட்டரை, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன அதன் எண் இறங்கும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் அளந்தாலும் எண் மாறாமல் நிற்க வேண்டும். எனக்கு 1.011-இல் நின்றது. தொடக்க எண்ணிலிருந்து இதைக் கழித்து 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் ஏறத்தாழ 4.9 சதவீதம். நின்ற பிறகும் சில நாள் அப்படியே விட்டேன், வெண்ணெய் வாடை தரும் டைஅசெட்டைலை ஈஸ்ட்டே தின்று தீர்க்கட்டும் என்று.

பாட்டிலில் அடைப்பது கொஞ்சம் பயம் தந்த வேலை. நுரைக்காகச் சேர்க்கும் சர்க்கரை லிட்டருக்குச் சுமார் 6 கிராம்தான். அதைக் கொதிநீரில் கரைத்து, ஆறவைத்து, மொத்தத்திலும் சீராகக் கலக்க வேண்டும். சர்க்கரை கூடினாலோ, நொதித்தல் முடியாமலே அடைத்தாலோ, பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில் பறக்கும். இது வேடிக்கையல்ல. அழுத்தம் தாங்கும் பழுப்பு நிற பீர் பாட்டில்களையே எடுத்து, மூடியுள்ள பெட்டியில் அடுக்கி வைத்தேன். பழுப்பு நிறம் அழகுக்காக இல்லை. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து கந்தக நாற்றம் அடிக்கும்.

இரண்டு வாரம் கழித்துத் திறந்ததில் வாயு இருந்தது, நுரைதான் நிற்கவில்லை. பச்சை ஆப்பிள் வாசமும் லேசாக. ஒரு மாதம் ஆனதும் அதே பெட்டியின் பாட்டில் வேறு ஆளாகியிருந்தது. நுரை தங்கியது, கசப்பு உருண்டு முனை மழுங்கியிருந்தது. அக்காவும் ஒரு வாய் குடித்துப் பார்த்து, “கசக்குது” என்று திருப்பித் தந்தாள். அடியில் படிந்த ஈஸ்ட்டைக் கலக்காமல் ஊற்றினால் தெளிவாகவே இருக்கிறது.

அடுத்த தடவை தூளை விட்டுத் தானியத்திலிருந்தே தொடங்க ஆசை. நொறுக்கிய மால்ட்டை 66 டிகிரி வாக்கில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும், இதைவிடப் பெரிய பாத்திரம் வேண்டும். பாத்திரத்துக்கு இன்னும் வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை.