யார் காசு?

மார்ச் 4
உதவித்தொகைக்கு மனுப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பதில் இல்லை.

மார்ச் 6
அம்மா போனில், "இன்னுமாடா கையெழுத்துப் போடல?" என்றாள். போடவேண்டியவர் விடுப்பில் இருக்கிறாராம். கொள்கையளவில் எல்லாம் சரியாம். கொள்கையளவில் வாடகை கொடுக்க முடியுமா?

கொலம்பஸ் என்றதும் எல்லோருக்கும் கடல்தான் ஞாபகம் வருகிறது. எனக்கு அதற்கு முந்தைய வருஷங்கள்தான். மேற்கே கடல் வழியாக ஆசியா போகும் திட்டத்துக்குப் போர்ச்சுகல் அரசர் இரண்டாம் ஜான் கைவிரித்ததும் கொலம்பஸ் 1485-இல் ஸ்பெயினுக்கு வந்தார். அரசி இசபெல்லா, தலவெரா என்ற பாதிரியார் தலைமையில் ஒரு குழு போட்டார். குழு இழுத்தடித்துவிட்டுத் தேறாது என்றது. குழு சொன்னதில் தப்பில்லை. மனிதர் பூமியின் சுற்றளவைச் சிறிதாகப் போட்டிருந்தார், ஆசியா அத்தனை கிட்டத்தில் இல்லை. ஆனால் 1487-இல் 3,000, 4,000 மராவெடி (அந்தக் கால ஸ்பானியக் காசு) என்று அவ்வப்போது கைச்செலவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். காரியத்துக்குப் பணம் கிடையாது, ஆளை வேறு அரசரிடம் போகவும் விடுவதில்லை.

மார்ச் 9
இந்த செவில் நகரம் முழுக்க ஆரஞ்சுப் பூ வாசனை. தலைவலி.

மார்ச் 12
கொலம்பஸ் பயணத்துக்காக இசபெல்லா நகையை அடகு வைத்த கதையை இன்றும் ஒருவர் சொன்னார். படித்த மனிதர்தான். அதற்காக எந்த நகையும் அடகுக்குப் போகவில்லை. இசபெல்லாவின் கணவர், அரசர் பெர்டினாண்டின் செலவுக் கணக்குகளைப் பார்த்த சான்தாங்கெல் 11,40,000 மராவெடி புரட்டித் தந்தார். அதுவும் கடன். அதை அடைத்தது பாதஹோஸ் மறைமாவட்டத்தில் பாவமன்னிப்புச் சீட்டு விற்று வந்த வசூலிலிருந்து. கொலம்பஸ் தன் பங்காகப் போட்ட ஐந்து லட்சம் சொச்சமும் இத்தாலிய வணிகர்களிடம் வாங்கியது என்கிறார்கள். அப்படியானால் அரண்மனை போட்டது என்ன?

தூக்கம் வரவில்லை. வீட்டுக்கார அம்மா மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 13
நேற்றுக் கணக்கில் கப்பலைச் சேர்க்க விட்டுவிட்டேன். கொலம்பஸ் புறப்பட்ட துறைமுகமான பாலோஸ் ஊர் முன்பு அரசாங்கத்துக்கு ஏதோ குற்றம் செய்ததாம். அதற்குத் தண்டனையாக இரண்டு கப்பல்களைப் பன்னிரண்டு மாதம் சொந்தச் செலவில் கொடுக்கவேண்டும், பத்து நாளில் தயார் செய்யவேண்டும் என்று ஆணை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது இதுதான்.

மார்ச் 17
பாலோஸ் போய் வந்தேன். உவெல்வாவில் பஸ் மாறவேண்டும். வழியெல்லாம் பிளாஸ்டிக் கூரைக்குள் ஸ்ட்ராபெரி, குனிந்து பறிக்கும் பெண்கள். மொராக்கோவிலிருந்து வருகிறவர்களாம். பழைய துறைமுகம் தூர்ந்துபோய்விட்டது.

சான் ஹோர்ஹே தேவாலயம் சிறியது. 1492 மே 23 அன்று அந்த ஆணையை இங்கேதான் வாசித்தார்கள். கேட்டவர்கள் தலையாட்டியிருப்பார்கள், அப்புறம் வீட்டுக்குப் போய்த் திட்டியிருப்பார்கள். முதலில் ஒருத்தரும் கப்பலேற முன்வரவில்லை. குற்றவாளிகள் வந்தால் வழக்கை நிறுத்திவைக்கிறோம் என்று அரசாங்கம் சொல்லிப் பார்த்தது. அதற்கும் வந்தவர்கள் சில பேர்தான். உள்ளூர் மாலுமி மார்ட்டின் அலோன்சோ பின்சோன் பேசின பிறகே ஆள் சேர்ந்தது. ஆள் பிடித்துக் கொடுத்த பின்சோன், 1493-இல் திரும்பி வந்த கொஞ்ச நாளிலேயே இறந்துபோனார். அவர் பங்குக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள், எழுத்தில் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் பிறகு கோர்ட்டில் சொன்னார்கள், பாதி தருவதாகக் கொலம்பஸ் சொன்னார் என்று. யார் நம்புவது?

மார்ச் 18
பதில் இல்லை. பஸ் காசைக் கணக்கில் எழுதவா வேண்டாமா?

மார்ச் 22
இன்று கோபம் இல்லை, ஏனோ. நன்றாகச் சாப்பிட்டேன்.

1492 ஏப்ரல் 17, கொலம்பஸோடு அரசர்கள் போட்ட சான்டா ஃபே ஒப்பந்தம். பரம்பரை கடற்படைத் தலைவர் பட்டம், கண்டுபிடிக்கும் நிலத்துக்கு ராஜப்பிரதிநிதி, கிடைக்கும் செல்வத்தில் பத்தில் ஒரு பங்கு, விரும்பினால் எட்டில் ஒரு பங்கு முதல் போட்டு அதே அளவு லாபம். கேட்டதையெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். ஏன் கொடுக்கமாட்டார்கள், எல்லாம் இன்னும் யாரும் பார்க்காத இடம். கையில் இல்லாததை அள்ளிக் கொடுப்பதில் அரசர்களுக்கு என்ன நஷ்டம்? அங்கே நிஜமாகவே நிலம் இருந்ததுதான் வம்பு. 1500-இல் அதே மனிதரை விலங்கு பூட்டித் திருப்பி அனுப்பினார்கள். 1508-இல் மகன் டியேகோ வழக்குப் போட்டார். 1536 வரை இழுத்து, குடும்பத்துக்கு ஜமைக்கா, கூடவே வருஷத்துக்கு 10,000 டுகாட் பொற்காசு. ராஜப்பிரதிநிதிப் பதவி போச்சு.

மார்ச் 25
பதில் வந்தது. இன்னொரு படிவம். "எதிர்பார்க்கும் பலன்கள்" என்று நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில் பாலோஸ் என்று எழுதி அடித்துவிட்டேன். வங்கிக் கடிதமும் வேண்டுமாம், முத்திரையோடு. நாளை ஒன்பதுக்குள் போனால்