ஃபைரிஷ் குன்னு மேல நாகப்பட்டினம் கோட்டை வாசல்: ஒரே பேர்ல ஆறு மன்றோ

இன்வர்னெஸ்லேர்ந்து வடக்க ஏ9 ரோட்டுல அரை மணி நேரம் கார்ல போனா ஆல்னெஸ்னு ஒரு சின்ன ஊரு வரும், அதுக்கு மேல நிக்கிற குன்னு பேரு ஃபைரிஷ், அந்தக் குன்னு உச்சியில நாகப்பட்டினம் கோட்டை வாசல் மாதிரியே கட்டின ஒரு கல் வாசல் இருக்கு. நான் நாகப்பட்டினத்துக்காரன். ஸ்காட்லாந்து போறதுன்னு முடிவான அன்னைக்கே எடின்பரோ கோட்டைக்கு முன்னாடி லிஸ்ட்ல நான் எழுதினது இதைத்தான்.

குன்னு ஒன்னும் பெரிய உயரம் இல்ல, 453 மீட்டர்தான். ஆரம்பத்துல பைன் காட்டுக்குள்ள நல்ல ஏத்தம், மூச்சு வாங்குது, அப்புறம் காடு முடிஞ்சு வெட்ட வெளி வந்துடும், தரை முழுக்க ஹெதர் புதர், காத்துன்னா அப்படி ஒரு காத்து, தொப்பிய கையில கழட்டி வெச்சுக்கிட்டுதான் நடக்கணும். கடைசி வளைவு தாண்டினதும் திடீர்னு முன்னாடி வந்து நிக்குது. நடுவுல வளைவு வெச்ச வாசல், ரெண்டு பக்கமும் தனித்தனியா தூண் மாதிரி கட்டடம், கதவு கிடையாது, கூரை கிடையாது, பின்னாடி கோட்டையும் கிடையாது. வாசல் மட்டும். அதுக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் போனா கீழ கிரோமார்ட்டி கடல்கழி, அதுல வரிசையா நிறுத்தி வெச்சிருக்கிற எண்ணெய் எடுக்கிற ராட்சச மேடைகள்.

கட்டினவரு சர் ஹெக்டர் மன்றோ, கீழ இருக்கிற நோவார் எஸ்டேட்டுக்கு முதலாளி. 1764ல பக்ஸார் போர்ல ஜெயிச்சவரு, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி கலகம் பண்ணின சிப்பாய்களை பீரங்கி வாயில கட்டி சுட வெச்சவரும் இவருதான். அப்புறம் மெட்ராஸ் படைக்குத் தலைமை. 1780 செப்டம்பர்ல பொள்ளிலூர்ல ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியோட படையச் சுத்தி வளைச்சு அழிச்சப்ப இந்த ஹெக்டர் பெரிய படையோட பக்கத்துல காஞ்சிபுரத்துலதான் இருந்தாரு, உதவிக்குப் போய்ச் சேரல, பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்துல தள்ளிட்டு மெட்ராஸுக்குத் திரும்பிட்டாரு. அந்த பெய்லியும் இன்வர்னெஸ் பக்கத்து ஆளுதான், ஸ்ரீரங்கப்பட்டணம் சிறையிலயே 1782ல செத்துப்போனாரு. பொள்ளிலூருக்கு அடுத்த வருஷமே, 1781 நவம்பர்ல, ஹெக்டர் நம்ம ஊர டச்சுக்காரங்ககிட்டேர்ந்து முற்றுகை போட்டுப் புடிச்சாரு. பொள்ளிலூருக்கு இந்த மலை மேல ஞாபகச்சின்னம் எதுவும் இல்ல, நாகப்பட்டினத்துக்குத்தான் இருக்கு. ஜெயிச்சத மட்டும் மலை மேல வெச்சிருக்காரு, அது மனுஷ சுபாவம்தான், ஆனா அங்க நிக்கிறப்ப எனக்கு மனசுல உறுத்தினது அதுதான்.

மேல நாயோட நடக்க வந்த ஒரு பெரியவர் எங்கேர்ந்து வர்றேன்னு கேட்டாரு, சொன்னேன். அவருக்கு ஊர் பேரு தெரிஞ்சிருந்துது, சின்ன வயசுலேர்ந்து இந்த வாசலோட சேர்த்துக் கேட்ட பேராச்சே. இந்தப் பக்கத்துல தலைமுறை தலைமுறையா சொல்ற கதைய அவரும் சொன்னாரு: பஞ்ச காலத்துல வேலையில்லாத ஜனங்களுக்குக் கூலி குடுக்கத்தான் ஹெக்டர் இதைக் கட்ட வெச்சாராம், ஜனங்க கல்ல மேல தூக்கிட்டு வந்ததும் அவரே அதைக் கீழ உருட்டி விடுவாராம், திரும்பத் தூக்கிட்டு வந்தா திரும்பக் கூலி. கதை நெசமோ இல்லையோ, 1782-83 ஸ்காட்லாந்துல விளைச்சல் பொய்த்துப்போன வருஷம்ங்கிறது நெசம். அதே சமயத்துல நம்ம பக்கம் என்ன நிலைமைன்னு யோசிச்சுப் பாருங்க, ஹைதர் படை தஞ்சாவூர்ச் சீமையச் சூறையாடிட்டுப் போயிருக்கு, வயல்லாம் கருகிக் கிடக்கு, மெட்ராஸ்ல பசியில ஜனங்க தெருவுல செத்து விழறாங்க. நம்ம கரையில சண்டை போட்டுச் சம்பாதிச்சவரு இங்க ஜனங்களுக்குக் கஞ்சி ஊத்தியிருக்காரு. அந்த ஏழைங்களுக்கு அது கிடைச்சதுல எனக்குத் துளி வருத்தம் இல்ல, அவங்களும் பசிச்ச வயிறுதான். ஆனா கல் தூக்கின ஒருத்தர் பேரும் அங்க இல்ல, கோட்டைச் சண்டையில செத்த நம்மாளுங்க பேரும் எங்கயும் இல்ல, மிஞ்சினது மன்றோங்கிற பேரு மட்டும்தான்.

அந்தப் பேரு இந்த மண்ணுலேர்ந்து எங்கெங்கயோ போயிருக்கு. உச்சியில நின்னு சுத்திப் பார்த்தாலே பாதி கதை தெரியும். கீழ ஆல்னெஸ்ல டியானினிக்னு ஒரு விஸ்கி டிஸ்டிலரி இருக்கு, 1817ல கேப்டன் ஹ்யூ மன்றோ ஆரம்பிச்சது, போர்ல ரெண்டு கண்ணும் போனவரு. இவரோட தம்பிதான் ஜான் மன்றோ, 1810லேர்ந்து திருவிதாங்கூர்ல ரெசிடென்ட், அதாவது ஆங்கிலேயக் கம்பெனியோட பிரதிநிதி, கொஞ்ச காலம் ராணி கௌரி லட்சுமி பாய்க்கு திவானாவும் இருந்தவரு, அடிமை விக்கிறது வாங்குறத 1812ல அங்க தடை பண்ணினது இவரு காலத்துலதான். கொல்லம் பக்கத்துல அஷ்டமுடிக் காயல்ல கல்லடா ஆறு வந்து சேர்ற இடத்துல மன்றோ துருத்துன்னு ஒரு தீவுக் கூட்டம் இருக்கே, அது இவரு பேருதான். இன்னைக்கு அந்தத் தீவுல ஜனங்க படுற பாடு வேற, வேலியேத்தத்துல, அதாவது கடல் ஏத்தம் வர்றப்ப, வீட்டுக்குள்ள உப்புத்தண்ணி ஏறுது, சுவரு அரிச்சுப் போகுது, நிறைய குடும்பம் வீட்ட விட்டுட்டுக் கிளம்பிடுச்சு. மேல அணை கட்டின பிறகு ஆத்து வண்டல் வர்றது குறைஞ்சதும் ஒரு காரணம்னு சொல்றாங்க.

மேற்க பார்த்தா பென் விவிஸ், 1046 மீட்டர், மொட்டையா அகலமா ஒரு மலை. மன்றோ குலத் தலைவரோட வீடான ஃபவுல்ஸ் கோட்டை இந்தப் பக்கம் கடல்கழி ஓரமா இருக்கு, அரசர் கேட்டா நடுக்கோடையிலயும் ஒரு பனி உருண்டை கொண்டுபோய்க் குடுக்கணும்ங்கிற நிபந்தனையிலதான் அவங்களுக்கு நிலம்னு ஒரு பழைய வழக்கு, அந்தப் பனிய பென் விவிஸ்லேர்ந்துதான் எடுப்பாங்களாம். அந்த மலையே ஒரு "மன்றோ"தான். 1891ல சர் ஹ்யூ மன்றோன்னு இன்னொருத்தர், இவரு லண்டன்ல பொறந்தவரு, 3000 அடிக்கு மேல இருக்கிற ஸ்காட்லாந்து மலைங்க எல்லாத்தையும் லிஸ்ட் போட்டாரு, அதுலேர்ந்து அந்த உயர மலைங்களுக்கே மன்றோன்னு பேரு வந்துருச்சு. இப்ப கணக்குப்படி 282. எல்லாத்தையும் ஏறி முடிக்கிறதே இங்க பல பேருக்கு வாழ்க்கை லட்சியம், பாவம் லிஸ்ட் போட்டவரு அத்தனையும் முடிக்காமலே 1919ல இறந்துட்டாரு.

சரி, நமக்குத் தெரிஞ்ச மன்றோ எங்க? சென்னை தீவுத்திடல் பக்கம் சேணம் இல்லாத குதிரை மேல உக்காந்திருக்காரே, சர் தாமஸ் மன்றோ, அவரு இந்தப் பக்கத்து ஆளே இல்ல, கிளாஸ்கோ வியாபாரி மகன், 1761ல பொறந்தவரு. எங்க வீட்டுல உள்பட நிறைய பேரு நாகப்பட்டினத்தப் புடிச்சதும் இவருதான்னு நினைச்சுட்டு இருக்காங்க, அதனால அழுத்திச் சொல்றேன், அது ஹெக்டர், இவரு வேற. 1780ல மெட்ராஸ் வந்து எறங்கி அதே ஹெக்டரோட படையில சின்னப் பையனா பொள்ளிலூர்த் தோல்விய கிட்ட இருந்து பார்த்தவரு. அப்புறம் பாராமகால்ல, அதாவது நம்ம தருமபுரி கிருஷ்ணகிரி பக்கம், ஏழு வருஷம் ஊரு ஊராப் போய் நிலம் அளந்து நேரா குடியானவன்கிட்டயே வரி நிர்ணயம் பண்ணின வேலையில இருந்தாரு, அதுதான் பின்னால ரயத்துவாரி ஆச்சு. 1820ல கவர்னர், 1827 ஜூலைல பத்திக்கொண்டாவுல காலரா வந்து செத்துட்டாரு. திருப்பதியில இன்னும் மன்றோ கங்காளம்னு அவரு பேர்ல நைவேத்தியம் நடக்குது. வரி கொடுமையாத்தான் இருந்துதுன்னு சொல்றவங்களும் உண்டு, அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஆனா தமிழும் தெலுங்கும் பேசுற ஜனங்களோட உக்காந்து கணக்குப் பார்த்தவருக்குக் கிடைச்ச மரியாதை வாசல் கட்டினவருக்கு நம்ம ஊர்ல கிடைக்கல. நாகப்பட்டினத்துல ஹெக்டர் பேர கேட்டா யாருக்கும் தெரியாது.

இன்னும் தூரம் போனா அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் மன்றோ, அவரோட முன்னோரும் ஸ்காட்லாந்துலேர்ந்து கப்பலேறினவருதான், லைபீரியாவோட தலைநகர் மன்ரோவியா அவரு பேருல வந்தது. அது வேற கதை.

போறவங்களுக்கு: இன்வர்னெஸ்லேர்ந்து ஆல்னெஸுக்கு ரயில் இருக்கு, ஆனா ஸ்டேஷன்லேர்ந்து மலையடிவாரம் தூரம், கார் இருந்தா நல்லது, அடிவாரத்துல பார்க்கிங் இருக்கு. ஏறி இறங்க ரெண்டரை மூணு மணி நேரம் வெச்சுக்கோங்க. மழைக்கோட்டு கட்டாயம், ஷூ சேறு தாங்குறதா இருக்கணும். டியானினிக்ல விசிட்டர் சென்டர் கிடையாது, வெளிய நின்னுதான் பார்க்கணும். நம்ம பக்கத்து ஆளுங்க யாராச்சும் மேல போனா, அங்க பாக்குறவங்ககிட்ட இது எந்த ஊரு வாசல், அந்த ஊரு இப்ப எப்படி இருக்குன்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வாங்க, அந்தப் பெரியவர் என்கிட்ட கேட்டதே அதைத்தான்.